மலிவுத் தட்டைக் கணினியும் வீட்டு விஷயமும்



நம் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் ஊரிலிருந்து வரும் கடிதம் நேரே வீட்டுக்கு வருவதில்லை. தோட்ட அலுவலகத்திற்கு வரும். கிராணியார் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். எழுத்தறியாதவர்கள் அக்கடிதத்தை இன்னொருவரிடம் எடுத்துச் சென்று படித்துக் காட்டச் சொல்வார்கள். படிப்பவருக்கு அந்த வீட்டு நல்லது கெட்டது எல்லாம் தெரிந்துவிடும். அவர் வாயடக்கம் உள்ளவராக இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் மறுநாள் காலைப் பிரட்டில் அந்த வீட்டுக் கடன் கணக்கு ஊர்க்கணக்கு ஆகிவிடும். எங்கள் பாட்டிமார் இதை எத்தனையோ முறை சொல்லி வருந்தியதுண்டு.

இன்று எல்லாரும் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டோம். ஆயினும் நம் கடிதத்தை நமக்கு முன்னால் படிக்கிற ஒருவர் மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறார். அவர் இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளை மடியில் வைத்துப் படிக்கிற மலிவான டேப்லட்டுக்குள், அதாவது தட்டைக் கணினிக்குள், உட்கார்ந்திருக்கிறார். அவரை எப்படி வெளியே அனுப்புவது, எந்த அளவுக்கு அனுப்ப முடியும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள்.

2020 மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளிகள் மூடப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள் என்ற நிலை செரண்டா வட்டாரத்தில் சாதாரணம். 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கணினிகள் வழங்கும் 'செர்டிக்' திட்டம் அறிவிக்கப்பட்டது, நல்ல திட்டம். ஆனால் அது வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத பெற்றோர் பலர், முந்நூறு வெள்ளிக்கும் குறைவாகக் கிடைத்த தட்டைக் கணினிகளை வாங்கிக் கொடுத்தார்கள்.

அப்படி வாங்கிய ஒன்றை ஒரு தாயார் எங்கள் பள்ளிக்குக் கொண்டு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. மகள் நான்காம் ஆண்டு மாணவி. பாடம் நடந்துகொண்டிருக்கும் போதே திரை முழுதும் விளம்பரம் விரிகிறது, அதுவும் பிள்ளை பார்க்கத்தகாத விளம்பரம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சந்தேகப்பட்ட செயலியை நாங்கள் அழித்தோம். மறுநாள் திரும்பி வந்துவிட்டது. எல்லாவற்றையும் துடைத்து, வாங்கிய அன்று இருந்த நிலைக்கே கொண்டு வந்தோம். இரண்டே நாளில் பழைய கதை. லாலான் புல்லைக் கத்தியால் வெட்டினால் போகுமா? வேர்க்கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே! வேண்டாத நிரல் அந்தக் கருவியின் அடிப்படை இயங்குதளத்திலேயே தொழிற்சாலையில் வைக்கப்பட்டிருந்தது. நாம் 'துடைப்பது' நாம் சேர்த்ததை மட்டும்தான். அவர்கள் வைத்தது அங்கேயே இருக்கும்.

இது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் நடப்பதன்று. 2023ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்னும் உரிமை அமைப்பு, டிராகன் டச் நிறுவனம் குழந்தைகளுக்கென்றே விற்ற ஒரு மலிவுத் தட்டைக் கணினியைப் பிரித்து ஆராய்ந்தது. 'கோர்ஜாவா' என்ற தீநிரலின் தடங்கள் அதில் முன்கூட்டியே இருந்தன. 2024 டிசம்பரில் ஜெர்மன் அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், 'பேட்பாக்ஸ்' என்னும் நிரல் புகுந்த சுமார் 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. அதன் அடுத்த வடிவம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மலிவுக் கருவிகளில் இருப்பதை 2025 மார்ச்சில் ஆய்வாளர் வெளியிட்டனர். உறுதிச் சான்று பெறாத தட்டைக் கணினிகளும் அவற்றுள் அடக்கம்.

தீநிரல் இல்லாத, பெயர்பெற்ற கருவி என்றாலும் பேச்சு முடிந்துவிடவில்லை. எந்த நேரத்தில் விழித்தோம், எங்கே இருக்கிறோம், எதைத் தேடினோம் என்பதெல்லாம் சேர்த்துக் கணக்கெழுதப்படுகின்றன. நம் பழைய செக்ரோல் புத்தகத்தில் வேலைக்கு வந்த நாளுக்கு மட்டும்தான் கணக்கு; இந்தப் புத்தகத்தில் படுத்த நேரத்துக்கும் கணக்கு உண்டு. சேர்த்து வைத்தது ஒருநாள் சிந்தத்தான் செய்யும். 2017 அக்டோபரில் நம் நாட்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வெளியானது. அன்று நாட்டின் மக்கள்தொகையே மூன்றே கால் கோடியை எட்டவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

சரி, வேரோடு எடுப்பது எப்படி? கருவியிலுள்ள இயங்குதளத்தையே அகற்றிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கக் கூடிய வேறோர் இயங்குதளத்தை வைப்பதே வழி. அத்தகையது லினக்ஸ். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். எல்லாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு நிரல்களை எழுதுவது அதன் நோக்கம். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு வேண்டிய கருப்பகுதியை எழுதத் தொடங்கினார். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததே இன்றைய லினக்ஸ்.

இங்கே நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 'ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே?' உண்மைதான், ஆண்ட்ராய்டின் கருவும் லினக்ஸ் கருவே. அரிசி ஒன்றே. ஆனால் நம் வீட்டில் நம் கண்முன் வடித்த சோறும், கடையில் பொட்டலம் கட்டி, என்ன சேர்த்தார்கள் என்று சொல்லாமல் கொடுத்த சோறும் ஒன்றாகுமா? விற்பவர் மேலே சேர்க்கும் நிரல்களை நாம் பார்க்க முடிவதில்லை. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு நிரலின் மூலமும் பொதுவில் இருக்கிறது. டெபியனை நிறுவும்போது, 'நீங்கள் எந்த நிரல்களைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கை எங்களுக்கு அனுப்பலாமா?' என்று ஒரு கேள்வி வரும். 'வேண்டாம்' என்பதே முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருக்கும் விடை. இப்படிக் கேட்டுவிட்டு எடுக்கிற பண்பை நாங்கள் வேறு கருவிகளில் அதிகம் கண்டதில்லை.

ஆனால் எல்லாத் தட்டைக் கணினியிலும் லினக்ஸ் ஏறிவிடாது. கடையில் மலிவாகக் கிடைப்பவை இரண்டு இனம். ஒன்று இன்டெல் சில்லு கொண்டது; பெரும்பாலும் விண்டோஸ் போட்டு விற்கப்பட்டது. மற்றது 'ஆர்ம்' என்னும் வகைச் சில்லு கொண்டது. ஆண்ட்ராய்டு தட்டைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வினமே. இன்டெல் கருவியில் தொடக்கநிரல் என்ற ஒன்று இருந்துகொண்டு, 'என்னிடம் இன்ன திரை, இன்ன நினைவகம், இன்ன பொத்தான் இருக்கின்றன' என்று வருகிற இயங்குதளத்துக்கு எடுத்துச் சொல்லும். புதிய ஆசிரியர் பள்ளிக்கு வந்தால் தலைமையாசிரியர் வகுப்பறைகளைச் சுற்றிக் காட்டுவது போல. மலிவான ஆர்ம் கருவியில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் உறுப்புகளின் வரைபடத்தைத் தனித்தனியே யாராவது எழுதியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, தொடக்கத்தையே உற்பத்தியாளர் பூட்டி வைத்திருப்பார்.

2017இல் தொடங்கிய 'போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்' என்ற தன்னார்வத் திட்டம் இந்தக் கடினமான வேலையைத்தான் செய்துவருகிறது. உற்பத்தியாளர் கைவிட்ட கைப்பேசியும் தட்டைக் கணினியும் பத்தாண்டு உழைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவர்களுடைய பட்டியலில் உங்கள் மாதிரி இருந்தால் அதிர்ஷ்டம். பட்டியலில் பெயர் இருந்தும் ஒலி வேலை செய்யாது, வைஃபை வேலை செய்யாது என்ற குறிப்பு பக்கத்திலேயே இருக்கலாம். அதையும் படித்துவிட்டே கை வைக்க வேண்டும். லினக்ஸுக்கென்றே செய்த 'பைன்டேப்' போன்ற கருவிகளும் உண்டு. 2023இல் வந்தபோது பைன்டேப் 2-இன் விலை 159 அமெரிக்க டாலராக இருந்தது. முதலில் அது கைக்கு வந்தபோது அதன் வைஃபைக்கே ஓட்டுநிரல் தயாராக இல்லை! லினக்ஸ்காரர்களுக்கு இருக்கும் பொறுமை நமக்கும் வேண்டும் போலும்.

அந்தத் தாயாரின் கருவி ஆர்ம் இனம். எந்தப் பட்டியலிலும் இல்லாதது. அதை நாங்கள் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே ரவாங்கில் பழுது பார்க்கும் கடை ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த பழைய இன்டெல் தட்டைக் கணினி ஒன்றை அறுபது வெள்ளிக்கு வாங்கினோம். 2014 வாக்கில் வந்த ஆட்டம் வகைச் சில்லு. 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவடைந்துவிட்டதால் இத்தகைய கருவிகள் இப்போது இன்னும் மலிவாகவே கிடைக்கின்றன. அதில் நாங்கள் பட்ட பாட்டை விரிவாகச் சொல்வது, முயல்கிறவர்களுக்கு உதவும் என்று கருதுகிறோம்.

முதல் தொல்லை, கருவிக்கு ஒரே ஒரு துளைதான். மின்னேற்றமும் அதில்தான், விரலியும் அதில்தான், விசைப்பலகையும் அதில்தான். பல துளைகள் கொண்ட இணைப்பான் ஒன்று வாங்கினோம். மின்கலத்தை முழுதும் நிரப்பிக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். பாதியில் அணைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் அல்லவா?

அடுத்தது விசித்திரமான தொல்லை. இவ்வகைக் கருவிகளில் சில்லு 64 பிட், தொடக்கநிரலோ 32 பிட். பெரியவர் உள்ளே இருக்கிறார், வாசற்காவலனோ சிறுவன். பெரிய சீட்டைக் காட்டினால் அவனுக்குப் படிக்கத் தெரியாது. வேறொரு பெயர்பெற்ற லினக்ஸ் வெளியீட்டை விரலியில் ஏற்றிச் செருகினால் கருவி கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வாரம் விரலிதான் கெட்டுவிட்டது என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். டெபியன் 2015 முதலே இந்த இருமைக்கு வழி செய்து வைத்திருக்கிறது என்று பிறகு அறிந்தோம். வைஃபைக்கு வேண்டிய தனியுரிமை நிரல்களும் 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் வட்டிலேயே சேர்த்துத் தரப்படுகின்றன. அதனால் அந்தத் தொல்லை எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

மூன்றாவது தவறு எங்களுடையது. ஆவலில் விண்டோஸை முதலிலேயே அழித்துவிட்டோம். டெபியன் வந்தது, படம் வந்தது, தொட்டால் திரை அசையவில்லை! மலிவுக் கருவிகளில் உள்ள தொடுதிரைச் சில்லு, இயங்கத் தொடங்கும்போது தனக்குரிய ஒரு சிறு கோப்பை எதிர்பார்க்கும். திரையின் அளவு, மூலை எது, விரல் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். மாதிரிக்கு மாதிரி அது வேறு. எங்கள் கோப்பு அழித்த விண்டோஸோடு போய்விட்டது. நல்லவேளையாக, ஒருவர் இத்தகைய மலிவுக் கருவிகள் பலவற்றின் தொடுதிரைக் கோப்புகளைத் திரட்டிப் பொதுவில் வைத்திருக்கிறார். எங்கள் மாதிரிக்குரியதும் அதில் இருந்தது. பெரிய நிறுவனங்கள் திரும்பியும் பார்க்காத கருவிகளுக்கு ஒருவர் உட்கார்ந்து இப்படி உழைத்திருக்கிறாரே என்று வியந்தோம். நீங்கள் எங்கள் தவற்றைச் செய்ய வேண்டாம். விண்டோஸை அழிக்குமுன் அதன் ஓட்டுநிரல்கள் உள்ள கோப்புறையை வேறொரு விரலியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படக்கருவி கடைசிவரை வேலை செய்யவில்லை. பிள்ளைகள் கையில் இருக்கும் கருவிக்கு அதை நாங்கள் பெரிய குறையாக எண்ணவுமில்லை.

2 ஜிபி நினைவகத்தில் அலங்காரமான முகப்பு எடுபடாது. எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்பைப் போட்டோம். தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை இரண்டும் டெபியனிலேயே கிடைக்கின்றன. தமிழ்99 அமைப்பு 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டி முடிவானது; அதே வரிசை மாநாடு 2001இல் நம் கோலாலம்பூரில் நடந்தபோது கணினித் தமிழில் மலேசியரின் பங்கு பெரிதும் பேசப்பட்டது. 'கிவிக்ஸ்' என்ற நிரலில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதும் இறக்கி வைத்தோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களையும் வைத்தோம். பிறகு இணையமே இல்லாவிட்டாலும் பிள்ளை படிக்கலாம். அலைவரிசை எட்டாத தோட்டங்களில் இதுவே பெரிய இலாபம். இணையத்தில் போகாமல் படிக்கிற பிள்ளையின் வாசிப்பை எவர் கணக்கெடுப்பார்?

இப்போது பூட்டு. டெபியனை நிறுவும்போதே சேமிப்பு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்துகொள்ளலாம். கருவி காணாமற் போனாலும், எடுத்தவருக்கு உள்ளே இருப்பது வெறும் இரைச்சல். ஆனால் தட்டைக் கணினியில் ஒரு சங்கடம். கடவுச்சொல்லை இயங்குதளம் எழுவதற்கு முன்பே கேட்கும். அந்த நேரத்தில் திரை விசைப்பலகை இன்னும் வந்திருக்காது. ஆகையால் ஒவ்வொரு முறையும் உண்மையான விசைப்பலகையைச் செருக வேண்டும். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் இதற்கென்றே தொடக்கத் திரையில் விசைப்பலகை தரும் சிறு நிரல் ஒன்றை வைத்திருக்கிறது. டெபியனில் நாங்கள் பத்து வெள்ளி விசைப்பலகை ஒன்றைக் கருவியோடு நூலால் கட்டியே கொடுத்துவிட்டோம்.

ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவர் விஷயம் மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி? இக்கேள்வியை நமக்கு வெகு முன்பே எண்ணிப் பார்த்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்க லினக்ஸ் கணினியை வடிவமைத்தனர். 2001இல் அதைக் காட்டினர். 2004இல் விற்பனைக்கு வந்தது. திரையில் தொட்டு வேலை செய்யலாம். இந்திய மொழியில் எழுத்தைப் படித்தும் காட்டும். ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி போதும் என்பது அவர்கள் கணக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு சில்லட்டை. தன் விவரத்தைத் தன் அட்டையிலேயே வைத்துக்கொள்வார். கருவி ஊருக்கு, விவரம் தனக்கு. எவ்வளவு அழகான எண்ணம்! ஆனால் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையும், அதற்குள் மலிந்துவந்த கைப்பேசியும் சேர்ந்து, சில ஆயிரம் கருவிகளோடு அது நின்றுவிட்டது.

பள்ளிகளில் லினக்ஸ் என்பதும் புதுமையன்று. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் இரண்டாயிரங்களின் நடுப்பகுதி முதல் லினக்ஸிலேயே கணினிப் பாடம் நடத்துகின்றன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுக்குத் துணையாக வந்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

சில்லட்டைக்கு ஈடாக இன்று நம் கையில் இருப்பது விரலி. 'டெயில்ஸ்' என்ற லினக்ஸ் விரலியிலிருந்தே இயங்கும். 8 ஜிபி விரலி போதும். எல்லாப் போக்குவரத்தையும் 'டோர்' என்ற வலையின் வழியே அனுப்பும். அணைத்தால் கணினியில் தடயமே இராது. 2013இல் அமெரிக்க ஒற்றுவேலையை வெளிப்படுத்திய எட்வர்ட் ஸ்நோடன் பயன்படுத்தியது இதையே. ஆனால் அது ஆர்ம் கருவியில் ஓடாது. 2 ஜிபி நினைவகமும் அதற்குப் போதாது. எங்கள் அறுபது வெள்ளிக் கருவிக்கு அது எட்டாக்கனி. ஆகவே நாங்கள் டெபியனில் பிள்ளைக்கொரு கணக்கு, தாய்க்கொரு கணக்கு என்று பிரித்துக் கொடுத்தோம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் விளம்பரத் தடுப்பானையும் சேர்த்தோம்.

லினக்ஸ் போட்டுவிட்டால் எவருக்கும் எதுவும் தெரியாது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பிள்ளை தன் கணக்கோடு நுழைந்தால், அங்கே செய்வது அங்கே பதிவாகும். முகநூலில் நாம் எழுதுவதை முகநூல் அறியும். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை இணையச் சேவை தருபவரும் பெரும்பாலும் அறிவார். வாசற்கதவை அடைத்துவிட்டுச் சந்தையில் நின்று உரக்கப் பேசினால் கதவு என்ன செய்யும்? கருவிக்குள்ளே உட்கார்ந்து படிக்கிறவனை மட்டுமே நாம் வெளியேற்றியிருக்கிறோம்.

மாற்ற முடியாத ஆண்ட்ராய்டு கருவி வைத்திருப்போர் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வேண்டாத விளம்பரம் தானாகத் திரும்பி வருமானால், அக்கருவியை வீட்டு இணையத்தோடு இணைக்காதீர்கள். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எதையும் அதில் தட்டாதீர்கள். விளம்பரம் வராத நல்ல கருவியென்றால், 'எஃப்-டிராய்டு' என்ற களஞ்சியத்திலிருந்து திறந்த நிரல்களை எடுத்துப் பயன்படுத்தலாம். கணக்கு விளையாட்டுக்கு இடம் தெரியவேண்டிய அவசியம் என்ன? ஒலிவாங்கிதான் எதற்கு? அத்தகைய அனுமதிகளை அமைப்புப் பகுதியில் சென்று மறுத்துவிடுங்கள்.

கருவியை ஒப்படைத்த நாளன்று அந்தத் தாயார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நான் இந்தக் கடவுச்சொல்ல மறந்துட்டா, சார், நீங்க திறந்து குடுப்பீங்கதானே?" திறக்க முடியாது, எங்களாலும் முடியாது, செய்தவர்களாலும் முடியாது என்று விளக்கினோம். உள்ளதெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான் என்றோம். முகம் சற்று வாடியது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்துப் போடுங்கள், உங்களுக்கு மட்டும் மறக்காத சொற்களாக இருக்கட்டும், ஒரு தாளில் எழுதி அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாலும் தவறில்லை, எங்களிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கூறினோம். அவர் கருவியை மேசையின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு, ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடித் தட்டத் தொடங்கினார். நாங்கள் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் ஆயிற்று.